கண்டல் நிலத்தின் உயரத்தை அளப்பது: கேள்வி பதில்

கிண்ணியா, ஆசிரியை: ஐயா, கண்டல்காட்டுத் தரையில் வெண்தூள் பரப்பி, அதன்மேல் ஓராண்டில் படியும் சேற்றை மாணவர்களுடன் அளக்க எண்ணுகிறோம். கடல்மட்ட உயர்வுக்கு நிலம் ஈடுகொடுக்கிறதா என்பது இதனால் தெரியுமா?

பதில்: பாதிதான் தெரியும். நீங்கள் பரப்பும் வெண்தூள், அதாவது பெல்ட்ஸ்பார் என்னும் கனிமத்தின் தூள், மேலே சேர்ந்த சேற்றைக் காட்டுமேயன்றி, அடியில் சேறு இறுகுவதையோ, வேர்கள் பெருகி நிலத்தை உயர்த்துவதையோ, அழுகித் தாழ்த்துவதையோ காட்டாது. அதனால் துருப்பிடிக்காத உருக்குக் கோலை மேற்கொண்டு இறங்காத ஆழம்வரை அடித்து, அதன் தலையில் கிடையான கையொன்றைப் பொருத்தி, நான்கு திசைகளிலும் ஒன்பது ஊசிகள் வீதம் 36 புள்ளிகளில் தரையின் உயரத்தை அளப்பார்கள். ஐந்து மில்லிமீற்றர் சேறு படிந்தும் நிலம் இரண்டு மில்லிமீற்றரே உயர்ந்திருந்தால், மீதி மூன்றும் தூளுக்கும் கோலின் அடிக்கும் இடையில் தாழ்ந்துவிட்டது என்று பொருள். 2006 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் ஆண்டுக்குச் சராசரியாக 3.7 மில்லிமீற்றர் உயர்ந்தது; ஆகவே படிவை மட்டும் பார்ப்பவர் நிலம் வெல்கிறது என்று தவறாக நம்பிவிடுவார். கோலைச் சுற்றி ஊசிகள் தொடும் இடத்துக்குள் யாரும் கால் வைக்கலாகாது. ஒரு காலடித் தடம் பல ஆண்டு மாற்றத்தையே மறைத்துவிடும். பலகை போட்டு அதன்மேல் நில்லுங்கள்.

நிலாவெளி: கைபேசியின் ஜீ.பி.எஸ். போதாதா?

பதில்: போதாது. அதன் பிழை மீற்றர் கணக்கில் வரும். நமக்கு வேண்டியது மில்லிமீற்றர்.

மூதூர், மீனவர்: மகாவலியில் அணைகள் கட்டிய பின் கொட்டியார் விரிகுடாவுக்கு வண்டல் குறைந்ததா, ஐயா?

பதில்: 1976இல் பொல்கொல்லை, 1985இல் விக்டோரியா என அணைகள் எழுந்தன. நீர்த்தேக்கத்தில் ஓட்டம் தணிவதால் வண்டலின் ஒரு பங்கு அங்கேயே தங்கிவிடும். நம் கரையில் ஓதம், அதாவது கடல்நீரின் அன்றாட ஏற்ற இறக்கம், ஒரு மீற்றருக்கும் குறைவு. இத்தகைய கரையில் கண்டல் வாழும் உயர இடைவெளி மிக ஒடுங்கியது, சிறிய தாழ்வும் நெடுநேர வெள்ளமாகிவிடும். கழிமுகத்துக்கு அருகிலும் தொலைவிலும் கோல் நாட்டினால்தான் வண்டலின் பங்கைப் பிரித்தறியலாம்.

தம்பலகாமம், தொண்டர்: அளந்துகொண்டிருக்கும் காலத்தில் கன்று நட்டால் வேர்களே நிலத்தை உயர்த்துமே?

பதில்: உயர்த்தும், மரம் பிழைத்தால். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கையில் கண்டல் நட்ட 23 இடங்களை ஆய்ந்தபோது, 9 இடங்களில் ஒரு கன்றும் எஞ்சியிருக்கவில்லை. வெள்ளம் அதிகம் நிற்கும் தாழ்ந்த சேற்றில் நட்டது முக்கியக் காரணங்களுள் ஒன்று.

அதே தொண்டர்: அப்படியானால் நடவே கூடாதா? மக்களின் ஆர்வத்தை நீங்கள் கெடுக்கிறீர்கள்.

பதில்: நடுவதற்கு முன் உயரத்தைப் பாருங்கள் என்கிறேன். பழைய மரங்களைக் காப்பது அதனினும் முதன்மையானது. 1998இல் மிட்ச் சூறாவளி ஹொண்டூராஸ் தீவுகளின் கண்டல்களைக் கொன்றபோது, வேர்கள் அழுகி, குவனாகா தீவில் நிலம் ஆண்டுக்கு ஏறத்தாழ 11 மில்லிமீற்றர் தாழ்ந்தது. வெட்டப்பட்ட காட்டின் தரையும் அவ்வாறே இறங்கலாம். அந்த இழப்பைக் கன்றுகள் விரைவில் ஈடுசெய்யா.

உப்புவெளி: அளக்கும் ஊசி, நண்டின் வளைக்குள் இறங்கினால்?

பதில்: குறித்துவைத்து, கணக்கிலிருந்து விலக்குங்கள்.

சீனக்குடா: கைபேசியில் உயரம் பார்க்கும் செயலி உண்டே?

பதில்: நிலாவெளிக்குத் தந்த பதிலைப் படியுங்கள்.

மூதூர்: இறால் பண்ணைக்கு அனுமதி எங்கே பெறுவது?

பதில்: என் துறையன்று, பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

கிண்ணியா, ஆசிரியை: ஓராண்டு போதுமா, ஐயா?

பதில்: போதாது. மழைக்காலத்தில் சேறு ஊதும், வெயிலில் சுருங்கும். ஆண்டுதோறும் ஒரே பருவத்தில், ஒரே ஆளைக் கொண்டு, ஐந்தாண்டாவது அளந்த பின்பே போக்கைப் பற்றிப் பேசலாம். இவ்வாண்டு மாணவர்கள் பள்ளியை விட்டுச் சென்றாலும் அடுத்தவர்கள் தொடரும்படி, கோலின் இடத்தையும் கையின் திசைகளையும் பதிவேட்டில் எழுதிவையுங்கள். பலகையை மறவாதீர்கள்.