படலையடியில் நிற்கும் அம்மம்மா

கேள்வி: முதியோர் இல்லத்தில் 3 வருடமாகப் பராமரிப்பு வேலை. மறதி நோயுள்ள அம்மம்மா ஒருவர் பின்னேரமானால் ‘பிள்ளையள் பள்ளிக்கூடத்தால வந்திடுவினம்’ என்று படலையைப் பிடித்து இழுப்பார். நேற்று மறித்தபோது கையைக் கடித்துவிட்டார். நான் கத்திவிட்டேன். இரவு நித்திரையே இல்லை. நான் இந்த வேலைக்குத் தகுதியில்லாதவளா?
- வாசகி, கோண்டாவில்

பதில்: இல்லை, தங்கச்சி. நானும் தாதியாக இருந்தபோது ஒரு ஐயா தேத்தண்ணியை என் மேல் ஊற்ற, குளியலறைக்குள் நின்று அழுதிருக்கிறேன். வெளிச்சம் மங்கும் நேரத்தில் இந்த நோயாளருக்குக் குழப்பம் கூடும். 4 மணிக்கே விளக்கைப் போடுங்கள். ‘பிள்ளைகள் இங்கே இல்லை’ என்று வாதாட வேண்டாம். ‘அவைக்கு என்ன சமைப்பம்?’ என்று கேட்டு, மடிக்கத் துணி கொடுங்கள். குழப்பம் திடீரென்று கூடியிருந்தால் மலச்சிக்கலோ சிறுநீர்க் கிருமித்தொற்றோ இருக்கலாம். அவரால் சொல்ல முடியாது, நீங்கள்தான் தாதியிடம் சொல்ல வேண்டும்.

சரி, உங்கள் பாடு? வேலைச் சோர்வை உலக சுகாதார நிறுவனம் 2019இல் விளக்கியபோது, கையாளப்படாத நீண்டகால வேலை அழுத்தத்தின் விளைவு என்றுதான் சொன்னது. உங்கள் மனப்பலவீனம் என்று சொல்லவில்லை. பின்னேரத்தில் இரண்டு பேர் வேண்டும் என்று நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள். கடித்ததையும் பதிவுப் புத்தகத்தில் எழுதுங்கள். தோல் கிழிந்திருந்தால் இன்றைக்கே டொக்டரிடம் காட்டுங்கள்.