காசு போன பிறகு என்ன செய்யிறது? இணையக் குற்ற விசாரணை பற்றிய கேள்வி பதில்

தொடங்க முதல் ரெண்டு விசயம். நம்பரைத் தந்து ஆளைக் கண்டுபிடிச்சுத் தாங்கோ எண்டு கேட்க வேண்டாம். அது பொலிஸ் நீதவானின்ர ஆணையோட செய்யிற வேலை. மற்றது, என்ன நடந்தாலும் போனில ஒண்டையும் அழிக்காதேங்கோ.

கோண்டாவில்: அண்ணை, கனடா மாமாவின்ர வட்ஸ்அப்பில இருந்து "அவசரம், 85,000 போட்டுவிடு, நாளைக்குத் தாறன்" எண்டு வந்தது. அக்கா அவர் தந்த கணக்குக்குப் போட்டிட்டா. பிறகுதான் மாமாவின்ர வட்ஸ்அப் களவு போனது தெரிஞ்சது. ஆறு மணித்தியாலம் ஆச்சு. நாளைக்குப் பொலிசுக்குப் போனால் காணுமோ?

பதில்: பொலிசுக்கு முதல் வங்கி. இப்பவே. இப்ப வங்கிக்கு வங்கி அனுப்புற காசு சில செக்கனில போய்ச் சேரும். போய்ச் சேர்ந்ததை ஏ.ரி.எம்மில எடுப்பினம், இல்லாட்டி மூண்டு நாலு கணக்காப் பிரிப்பினம். அட்டையின்ர பின்பக்கம் இருக்கிற 24 மணிநேர இலக்கத்துக்கு அடிச்சு "மோசடிக் கொடுக்கல் வாங்கல்" எண்ட சொல்லையே பாவியுங்கோ. தொகை, நிமிசம் வரைக்கும் நேரம், பரிமாற்ற இலக்கம், காசு போன வங்கி, கணக்கு இலக்கம் எல்லாத்தையும் சொல்லுங்கோ. உங்கட வங்கி மற்ற வங்கிக்கு அறிவிக்கும். கதைச்சவரின்ர பெயர், நேரம், முறைப்பாட்டு இலக்கம் மூண்டையும் எழுதி வையுங்கோ. ஆனா மற்ற ஆளின்ர கணக்கில கிடக்கிற காசை வங்கி தன்ர எண்ணத்துக்குத் திருப்பித் தராது. மறிச்சு வைக்கிறதுக்கு மத்திய வங்கியின்ர நிதியியல் உளவறிதல் பிரிவு இருக்கு, நீதிமன்றம் இருக்கு. அந்த வழி திறக்கிறதுக்குத்தான் பொலிஸ் முறைப்பாடு.

பொலிசுக்குப் போகேக்க அக்காவும் அவவின்ர போனும் அடையாள அட்டையும் போகவேணும். முத்திரை குத்தின வங்கிக் கூற்று ஒண்டும், நாட்டுக் குறியீட்டோட அந்த வட்ஸ்அப் நம்பரும் வேணும். "வட்ஸ்அப்பில காசு கேட்டாங்கள்" எண்டு தொடங்காதேங்கோ. "இன்ன திகதி, இன்ன நேரம், இன்ன கணக்கில இருந்து இன்ன கணக்குக்கு" எண்டு தொடங்குங்கோ. விசாரணை அந்தக் கணக்கில இருந்துதான் நடக்கும். ஆர் திறந்தது, எந்த அடையாள அட்டை, எந்த ஏ.ரி.எம்மில எத்தனை மணிக்கு எடுத்தது எண்டு பாப்பினம். ஏ.ரி.எம் கமராப் பதிவு ஒரு காலத்துக்குப் பிறகு தானா மேலெழுதுப்படும். பிந்தினால் கணக்குப் பெயர் இருக்கும், முகம் இருக்காது.

மாமா தன்ர நம்பரை வட்ஸ்அப்பில திரும்பப் பதியட்டும். எஸ்எம்எஸ்ஸில வாற 6 இலக்கத்தைப் போட்ட உடன கள்ளன் வெளிய. அவன் இரு படிநிலை பின் (கூடுதல் இரகசிய இலக்கம்) போட்டு வைச்சிருந்தால் மாமாவுக்கு 7 நாள் காத்திருக்க வேண்டி வரும், ஆனா அந்த 7 நாளும் அவனும் உள்ளுக்கு இல்லை.

சாவகச்சேரி: ஸ்கிரீன்சொட் எடுத்து வைச்சிருக்கிறன். காணும்தானே?

பதில்: காணாது. ஸ்கிரீன்சொட்டை ஆரும் செய்யலாம் எண்டுதான் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி முதல் கேள்வியே கேப்பார். மெசேஜ் வந்த போன் அப்பிடியே இருக்க வேணும். பேஸ்புக் எண்டால் வெளியில தெரியிற பெயரை எழுதாமல் சுயவிவர இணைப்பை முழுசாப் பிரதி எடுங்கோ. பெயரை அவன் இரவைக்கே மாத்துவான், கணக்கின்ர உள் இலக்கம் மாறாது. சுயவிவரத்தில தொடங்கி மெசேஜ் வரைக்கும் வெட்டாமல் திரைப்பதிவு ஒண்டு எடுங்கோ. மின்னஞ்சலை "ஃபோர்வேர்ட்" பண்ணினால் தலைப்பு வரிகள் (அது எந்த வழியால வந்தது எண்ட குறிப்பு) போயிடும். "மூலத்தைக் காட்டு" எண்டதில போய்க் கோப்பாச் சேமியுங்கோ. அந்த வரிகளைக் கீழ இருந்து மேல வாசிக்க வேணும். அடியில கிடக்கிறது பொய்யாவும் இருக்கலாம், உங்கட அஞ்சல் சேவையே எழுதின மேல் வரிகளைத்தான் நம்பலாம்.

நெல்லியடி (போன் கடை): இவ்வளவு கஷ்டம் ஏன் அண்ணை? ஒரு லிங்க் அனுப்பினால் அவன் அமத்த ஐபி (அவன்ர இணைய இணைப்பின்ர முகவரி இலக்கம்) விழும். ஐபி இருந்தால் வீட்டு விலாசம் வந்திடும். யூரியூப்பில சின்னப் பெடியள் செய்யிறாங்கள். பொலிசுக்கு மட்டும் மாசக் கணக்கு.

பதில்: யூரியூப் பெடியள் காட்டுறது ஒரு வரைபடப் புள்ளி. பருத்தித்துறையில இருந்து மொபைல் டேட்டா பாவிக்கிறவனுக்கும் அந்தப் புள்ளி கொழும்பில நிக்கலாம், ஏனெண்டால் அது கம்பனியின்ர வாசல். ஐபி முகவரிகள் தட்டுப்பாடு எண்டதால மொபைல் கம்பனி ஒரு வெளி முகவரியை ஒரே நேரத்தில கன பேருக்குப் பகிரும். ஒருத்தனைப் பிரிச்செடுக்க முகவரியோட மூலப் போர்ட் இலக்கமும் (ஒரே முகவரிக்குள்ள ஒவ்வொரு தொடர்பையும் பிரிச்சுக் காட்டுற இலக்கம்) செக்கன் வரைக்கும் நேரமும் வேணும். போர்ட் இல்லாமல் கேட்டால் வாறது ஒரு பெயர் இல்லை, ஒரு பட்டியல்.

அடுத்தது நேரம். வெளிநாட்டுச் சேவையள் பெரும்பாலும் யூரிசியில (உலகப் பொது நேரத்தில) தருவினம், நாங்கள் 5 மணி 30 நிமிசம் முன்னுக்கு. பதிவில 3ஆம் திகதி 18:40 எண்டால் இஞ்ச 4ஆம் திகதி அதிகாலை 00:10. மாத்த மறந்தால் அந்த முகவரி அந்த நேரத்தில வேற ஒரு அப்பாவியின்ர கையில. அவன்ர வீட்டுக் கதவுதான் தட்டுப்படும். உங்கட லிங்கைப் பாத்துக் கள்ளன் செய்யிற முதல் வேலை கணக்கை மூடிப்போட்டு ஓடுறது.

நெல்லியடி: மொபைல் சரி. ஃபைபர் வீட்டுக்கு ஒண்டுதானே?

பதில்: இதில பாதி சரி. இணைப்பு ஆற்ற பெயரில எண்டது தெரியும். பாவிச்சது ஆர் எண்டது தெரியாது. வைஃபை பாஸ்வேர்ட் பக்கத்து வீட்டுக்கும் ரியூசன் பெடியளுக்கும் தெரிஞ்ச ஊர் இது. எந்தச் சாதனம் எப்ப இணைஞ்சது எண்ட குறிப்பு பல ரவுட்டர்களில மின்சாரம் நிண்டால் போயிடும், அதால ஆரும் "நிப்பாட்டிப் போட்டுப் பாப்பம்" எண்டு கை வைக்கக் கூடாது.

யாழ் நகர் (சட்டத்தரணி): குறுக்கிடுறதுக்கு மன்னிக்கவும். சந்தாதாரர் விவரத்துக்கு 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின் 18ஆம் பிரிவில் நீதவானின் ஆணை தேவை. அது வரும்வரை தரவு அழியாதா?

பதில்: அதுக்குத்தான் 19ஆம் பிரிவு, ஐயா. பொலிஸ் அதிகாரி எழுத்து மூல அறிவித்தல் குடுத்து 7 நாளுக்குத் தரவை அப்பிடியே வைக்கச் சொல்லலாம். நீதவான் அதை மொத்தம் 90 நாள் வரைக்கும் நீடிக்கலாம். வெளிநாட்டுக் கம்பனிக்கு வேற பாதை. இலங்கை 2015இல் இணையக் குற்றம் பற்றின சர்வதேச ஒப்பந்தமான புடாபெஸ்ட் சமவாயத்தில சேர்ந்ததால மற்ற உறுப்பு நாட்டிட்டத் தரவைக் காப்பாத்தி வைக்கச் சொல்லிக் கேக்கலாம். பேஸ்புக், வட்ஸ்அப்பின்ர சொந்தக்காரரான மெற்றா நிறுவனமும் பொலிஸ் கேட்டால் 90 நாள் வைச்சிருக்கும். ஆனா வைச்சிருக்கிறது வேற, கையில தாறது வேற. தாறதுக்கு முறையான சட்டக் கோரிக்கை போகவேணும், மாசங்கள் போறது அங்கதான். வட்ஸ்அப் உரையாடலின்ர உள்ளடக்கம் கம்பனியிட்டயே இல்லை, அதால உங்கட போனில இருக்கிற பிரதிதான் சாட்சி.

நெல்லியடி: அவன் விபிஎன் போட்டால் எல்லாம் சரி, என்ன?

பதில்: தம்பி விடமாட்டீர். விபிஎன் எண்டது இணைப்பை வேற ஒரு கணினிக்குள்ளால விட்டு ஐபியை மறைக்கும். காசு விபிஎன்னுக்குள்ளால போகாது. 2016இல் பங்களாதேஷ் மத்திய வங்கியில கைவைச்சவங்கள் கணினிப் பக்கம் கெட்டிக்காரர். 81 மில்லியன் டொலர் மணிலாவுக்குப் போச்சு. இலங்கைக்கு வந்த 20 மில்லியன் மறிபட்டது ஆங்கிலத்தில "பவுண்டேசன்" எண்ட சொல்லைப் பிழையா எழுதினதால. காசு ஒரு கணக்கில இறங்க வேணும், அங்க ஒரு மனிசன் நிக்க வேணும்.

சுன்னாகம்: ஒரு நம்பர் தாறன், ஆர் எண்டு பாத்துச் சொல்லுங்கோ.

பதில்: முதல் பந்தியை வாசியுங்கோ.

பருத்தித்துறை: கூட்டாளி ஒருத்தன் என்ர கணக்குக்குக் காசு வரும், எடுத்துத் தந்தால் நூற்றுக்கு அஞ்சு எண்டான். ரெண்டு தரம் குடுத்தன். இப்ப வங்கி கணக்கை முடக்கிட்டுது. நான் ஒருத்தரையும் ஏமாத்தேல்லை.

பதில்: காசு இறங்கிற கணக்கில ஒரு மனிசன் நிக்க வேணும் எண்டனே, அந்த மனிசன் இப்ப நீங்கள்தான். பொலிசுக்கு முதல் கிடைக்கிற பெயர் உங்கடது. மிச்சக் காசில கை வைக்காதேங்கோ, அனுப்பினவருக்கு நீங்களாத் திருப்பியும் போடாதேங்கோ, அதுவும் இன்னொரு பரிமாற்றமாத்தான் பதிவாகும். கூட்டாளியோட கதைச்ச மெசேஜை அழிச்சால் உங்களைக் காப்பாத்தக் கூடிய ஒரே சாட்சியை நீங்களே அழிக்கிறியள். சட்டத்தரணி ஒருவரோட போய் வாக்குமூலம் குடுங்கோ. 2006ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கப் பணம் தூயதாக்கல் தடைச் சட்டம் சும்மா விளையாட்டில்லை.

இதோட சேர்த்து உண்டியல்காரருக்கும் ஒரு சொல். லண்டனில மகன் அங்க ஒருத்தரிட்டக் காசு குடுப்பார், இஞ்ச முன்பின் தெரியாத ஒருத்தன்ர பெயரில இருந்து அம்மாவின்ர கணக்குக்குக் காசு விழும். அந்தத் தெரியாதவன் கோண்டாவில் அக்காவைப் போல ஏமாந்த ஒருத்தியா இருந்தால்? முடங்கிறது அம்மாவின்ர கணக்கு. வங்கி கேட்டால் "உண்டியல்" எண்டு சொல்லவும் ஏலாது. வங்கி வழியா அனுப்பினால் கட்டணம் கூடத்தான், ஆனா அனுப்பினவரின்ர பெயர் காகிதத்தில இருக்கும்.

மானிப்பாய்: என்ர சிநேகிதி, 17 வயசு. படத்தை வைச்சுக் காசு கேட்டு வெருட்டுறான்.

பதில்: தங்கச்சி, ஒரு சதமும் குடுக்க வேண்டாம். குடுத்தால் அடுத்த தரம் ரெண்டு மடங்கு கேப்பான். வெருட்டினதையும் சுயவிவர இணைப்பையும் சேமிச்சுப்போட்டுப் பதில் எழுதுறதை நிப்பாட்டச் சொல்லுங்கோ. படத்தை உங்களுக்கோ ஆருக்கோ "சாட்சிக்கு" எண்டும் அனுப்பக் கூடாது. 18க்குக் கீழ எண்டால் பரப்புறதே குற்றம். அவவின்ர போனிலயே காட்டட்டும். 1929 தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின்ர இலக்கம். "ரேக் இற் டவுன்" எண்ட இலவசச் சேவை இருக்கு. படத்தை வாங்காமல் அதின்ர கைரேகைக் குறியை (அந்தப் படத்தை அடையாளம் காட்டுற இலக்கக் குறியை) மட்டும் எடுத்து, சேர்ந்திருக்கிற தளங்களில தடுக்கும். அவ தனிய இருக்க வேண்டாம், நம்பிக்கையான பெரியாள் ஒருவரிட்ட இண்டைக்கே சொல்லட்டும்.

திருநெல்வேலி: கடையில குடுத்து போனை போர்மற் பண்ணிட்டம். மீட்கலாமோ?

பதில்: இல்லை. இப்பத்தைய போன்களில சேமிப்பு குறியாக்கம் செய்யப்பட்டிருக்கு, போர்மற் பண்ணேக்க சாவியே அழியும். மீட்டுத் தாறன் எண்டு காசு வாங்கிறவரை நம்பாதேங்கோ. மிச்சம் இருக்கிறது வங்கியின்ர பதிவும் மேகச் சேமிப்பில (இணையத்தில) வைச்சிருந்த பிரதியும்தான். நெல்லியடித் தம்பி, இதைக் கடைச் சுவரில ஒட்டும்.

காரைநகர்: கிரிப்டோவில 4 லட்சம் போச்சு. ரெலிகிராமில ஒருத்தர் 10 வீதம் முற்பணம் கட்டினால் மீட்டுத் தாறாராம்.

பதில்: அவன் ரெண்டாவது கள்ளன். கன தரம் முதலாவது கள்ளனேதான். போன முகவரியையும் பரிமாற்றக் குறியையும் கையால எழுதாமல் பிரதி எடுத்து வையுங்கோ, ஓரெழுத்து பிழைச்சால் பிரயோசனமில்லை. வாடிக்கையாளரின்ர அடையாளத்தை வாங்கிப் பதியிற கிரிப்டோ பரிமாற்ற நிலையம் ஒண்டுக்குக் காசு போயிருந்தால் பொலிஸ் அங்க கேக்கலாம்.

ஊர்காவற்றுறை: ஒரு நம்பர் இருக்கு...

பதில்: இல்லை.

நெல்லியடி: கடைசி ஒண்டு. கடைக் கமராவில ஆள் விழுந்திருக்கு, மணிக்கூடு 23 நிமிசம் பிந்தி நிக்குது. திருத்தட்டோ?

பதில்: தொடாதேங்கோ! கமராப் பெட்டியின்ர திரை நேரமும் உங்கட போன் நேரமும் ஒண்டாத் தெரிய ஒரு படம் எடுங்கோ. அந்த 23 நிமிசத்தை வாக்குமூலத்தில எழுதுவியுங்கோ. பதிவு மேலெழுதுப்பட முதல் பெட்டியை நிப்பாட்டாமல் அந்தத் துண்டைப் பென்டிரைவில இறக்குங்கோ. திருத்துறதைப் பொலிஸ் வந்து பாத்த பிறகு செய்யலாம்.