நோட்டு நிறைந்தது, விசாரணை நடக்கவில்லை

கேள்வி: என் மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி போன் பண்ணுவதாகச் சொல்வான், பண்ண மாட்டான். ‘என்னை மறந்துட்டான்’ என்ற எண்ணம் தூங்கவிடுவதில்லை. எண்ணத்தை எழுதி நான்கு கேள்வி கேட்டால் மனசு லேசாகும் என்றார்கள். இரண்டு நோட்டு தீர்ந்தது, கோபம் கூடியதுதான் மிச்சம். படம் வரை, கோலம் போடு என்கிறாள் தங்கை. எத்தனை நாள்தான் செய்வது?
— ஒரு வாசகி, காட்பாடி

பதில்: அம்மா, ஓர் எண்ணத்தைப் பிடித்து ‘நீ உண்மையா?’ என்று கேட்பதுதான் விசாரணை. நீங்கள் எழுதியது விசாரணை அல்ல, குற்றப்பத்திரிகை. கடிதத்தோடு வைத்திருந்த ஒரு பக்கத்திலேயே மகன், மருமகள், சம்பந்தி என்று மூன்று பேர் மேல் பதினோரு புகார் இருக்கிறது. பதினொன்றையும் ஒரே மூச்சில் விசாரிக்க யாராலும் முடியாது.

ஒரு நாள், ஒரு நேரம், ஒரு வாக்கியம். ‘போன ஞாயிறு ராத்திரி 9 மணி. போன் வரவில்லை. மகன் என்னை மறந்துவிட்டான்.’ அவ்வளவுதான். ‘ஏன் இப்படிப் பண்றான்?’ என்று எழுதினால் உதவாது. கேள்வியைப் பார்த்து ‘நீ உண்மையா?’ என்று கேட்க முடியாதே. ‘வருத்தமா இருக்கு’ என்பதும் ஆகாது. வருத்தம் இருப்பது உண்மை. அதற்கு அடியில் கிடக்கும் தீர்ப்பைத்தான் வெளியே எடுக்க வேண்டும்.

பைரன் கேட்டி என்ற அமெரிக்கப் பெண்மணி வகுத்த நான்கு கேள்விகளைத்தான் உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். இது உண்மையா? உண்மை என்று நிச்சயமாகத் தெரியுமா? இதை நம்பும்போது உங்களுக்கு என்ன ஆகிறது? இந்த எண்ணம் இல்லாவிட்டால் எப்படி இருப்பீர்கள்? முதல் இரண்டுக்கும் ஆமாம், இல்லை என்று ஒரே சொல்தான் பதில். ‘ஆமாம், ஏனென்றால்...’ என்று ஆரம்பித்த இடத்தில்தான் உங்கள் நோட்டு தடம் மாறியது. ‘ஏனென்றால்’ வந்ததும் பேனாவை வையுங்கள். பதில் ‘ஆமாம்’ ஆனாலும் குற்றமில்லை, மூன்றாவதுக்குப் போங்கள்.

தங்கை சொன்ன படம் இங்கேதான் உதவும். ஏ4 தாளை இரண்டாக மடியுங்கள். இடப்பக்கம் ஓர் ஆள் உருவம், முகம் வேண்டாம். அந்த எண்ணம் உடம்பில் எங்கே பிடிக்கிறது, தொண்டையிலா, நெஞ்சிலா, வயிற்றிலா? அந்த இடத்தில் அடுப்புக்கரியாலோ கிரேயானாலோ அழுத்தித் தேயுங்கள். பத்து நிமிஷம் போதும். ரப்பரைப் பக்கத்தில் வைக்காதீர்கள். அது இருந்தால் கை அழகு பார்க்கத் தொடங்கிவிடும். சுற்றிலும் அன்று இருந்ததை வரையுங்கள்: கையிலேயே இருந்த போன், ஆறிப்போன சோறு, போடாமல் விட்ட மாத்திரை.

வலப்பக்கம் நான்காவது கேள்வி. அதே அறை, அதே 9 மணி, அதே வராத போன். எண்ணம் மட்டும் இல்லை. போன் வந்த மாதிரி வரைந்துவிடாதீர்கள், அது ஆசை. ‘எண்ணத்தை விடு’ என்று உங்களை அதட்டவும் வேண்டாம். இது கற்பனை மட்டுமே. வாய் வாதாடிப் பழகியது. கைக்கு அந்தப் பழக்கம் இல்லை.

சிக்குக் கோலம் மனசை அமர்த்தும், தாராளமாகப் போடுங்கள். விசாரணைக்கு அது போதாது. புள்ளிக்கணக்கு பழகிப்போனால், கை பாட்டுக்கு இழுக்கும், மனசு பாட்டுக்கு மகனோடு சண்டை போடும். வரையவே வராது என்றால், மண்பாண்டத்துக்குப் பேர்போன கரிகிரி உங்கள் பக்கம்தான். ஒரு கைப்பிடி களிமண் வாங்கிவந்து பிசையுங்கள்.

கடைசியில் வாக்கியத்தைத் திருப்பிப் போட வேண்டும். ‘மகன் என்னை மறக்கவில்லை.’ ‘நான் மகனை மறந்துவிட்டேன்.’ ‘நான் என்னையே மறந்துவிட்டேன்.’ ஒவ்வொன்றுக்கும் நிஜமாக நடந்த மூன்று சான்று தேடுங்கள். அவன் போன் பண்ணினால் முதல் வார்த்தையே ‘இப்பத்தான் ஞாபகம் வந்துதா?’ என்று கேட்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ‘சாப்பிட்டியா?’ அங்கே மறந்துபோனது. மூன்றாவதுக்கு அந்த மாத்திரையே சான்று. பழியை உங்கள் தலையில் போட்டுக்கொள்வதற்காக இதைச் சொல்லவில்லை. சான்று கிடைக்காத வாக்கியத்தை விட்டுவிடுங்கள். அடியும் மிரட்டலும் நடக்கும் வீட்டில் இந்த முறையைக் கையில் எடுக்கவே கூடாது. அங்கே முதல் வேலை பெண்கள் உதவி எண் 181-க்குப் போன் செய்வது.

‘நான் யார்’ என்று கேட்பதும் இதுவும் ஒன்றுதானே என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. 1989 வரை நம் வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்த திருவண்ணாமலையில் ரமணர் காட்டிய விசாரம், எண்ணம் சொல்வது மெய்யா பொய்யா என்று பார்க்காது. ‘இது யாருக்கு வந்தது?’ என்று நினைக்கிறவர் பக்கம் திரும்பும். இரண்டையும் ஒரே சமயத்தில் கலந்தால் இரண்டும் கெடும்.

எத்தனை நாள் என்றா கேட்டீர்கள்? மனக்காயத்தை எழுதவைத்து ஆராய்ந்த ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில் கொடுத்த அளவு, தினம் 15 நிமிஷம், தொடர்ந்து 4 நாள். அதையே வைத்துக்கொள்ளுங்கள். எழுதி முடித்த கையோடு மனசு கனப்பது உண்டு. அதனால் படுக்கும் முன் வேண்டாம், சாயங்காலம் 5 மணிக்கு எழுதுங்கள். இரண்டு வாரமாகத் தூக்கமே இல்லை என்றால் நோட்டை மூடிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி எண் 14416-இல் இலவசமாகத் தமிழில் பேசலாம். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநலப் பிரிவு பாகாயத்தில் இருக்கிறது. காட்பாடியிலிருந்து டவுன் பஸ் நேராகவே போகிறது.