சாட்டைச் சிலந்தியில் ஒன்றைப் புதிய இனம் என்று எப்படி உறுதி செய்கிறார்கள்?

சாட்டைச் சிலந்தி என்பது சாட்டை போல நீண்ட முன்கால்கள் கொண்ட, சிலந்திக்கு உறவான உயிரி. புகைப்படத்தை வைத்து அதைப் புதிய இனம் என்று சொல்ல முடியாது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பூச்சிகளைப் படமெடுப்பவன் என்பதால் எனக்கும் "நிறம் வேறாக இருக்கிறதே, புதுசா?" என்று படங்கள் வரும். நிறத்தை நம்பவே கூடாது. தோலுரித்த கையோடு வெளிறி இருக்கும், அப்புறம் கருக்கும். அளவும் அப்படித்தான். இவை பருவமடைந்த பிறகும் தோலுரித்து வளர்பவை. சாட்டை போன்ற முன்கால் முறிந்து மறுபடி முளைத்திருந்தால் அதன் கணுக்களை எண்ணியும் பயனில்லை.

பிறகு எதைப் பார்க்கிறார்கள்? இரை பிடிக்கும் கைகளில் முட்கள் எத்தனை, எது நீளம், கண்கள் எப்படி, நான்காம் காலில் எத்தனை துண்டுகள். சாட்டைச் சிலந்திகளில் ஒன்றான சாரினஸ் பேரினத்தில் (நெருங்கிய இனங்களின் தொகுதி) இதெல்லாம் ஒத்துப்போய்க் குழப்பும்போது, பெண்ணின் வயிற்றடியில் இருக்கும் பிறப்புறுப்பு மூடியைத் தூக்கிப் பார்ப்பார்கள். உள்ளே ஒரு ஜோடிச் சிறு உறுப்புகள் இருக்கும். சில இனங்களில் அவை விரல் வடிவம், சிலவற்றில் உறிஞ்சான் வடிவம். என்னைக் கேட்டால் பாதி வழக்கு அங்கேதான் தீர்கிறது. பல சாரினஸ்களின் உடல் ஒரு சென்டிமீட்டர்கூடத் தேறாது, ஆகவே எல்லாமே நுண்ணோக்கி வேலைதான்.

இஸ்ரேலில் ஒரு குகையில் கிடைத்து 2016-இல் பெயரிடப்பட்ட சாரினஸ் இஸ்ரேலென்சிஸுக்குக் கண்கள் சிறுத்திருந்தன. ஆனால் குகையில் வாழப் பழகிய எதற்கும் கண் சிறுக்கலாம். அதனால் அங்கே முன்பே தெரிந்த சாரினஸ் அயோனிடிகஸோடு அதை ஒப்பிட வேண்டியிருந்தது.

நேரம் போவது இந்த ஒப்பீட்டில்தான். பழைய விவரிப்புகள் சில நாலு வரிதான் இருக்கும், மூலமாதிரியோ (இனத்தின் பெயருக்கு ஆதாரமாகக் குறிக்கப்பட்ட உடல்) எங்கோ ஓர் அருங்காட்சியகத்தின் சாராயப் புட்டியில். புதிய இனங்களும் பல நேரம் அதே அலமாரிகளில், பெயரில்லாமல் கிடக்கும். சாரினஸ் அடங்கிய சாரினிடே குடும்பத்தை மொத்தமாக அலசி 2021-இல் வந்த ஆய்வு 33 புதிய இனங்களுக்கு ஒரேயடியாகப் பெயர் வைத்தது.

பெயர் செல்ல விவரிப்பு பிரசுரமாக வேண்டும், ஒரு மாதிரியை மூலமாதிரி என்று குறிக்க வேண்டும். இணையத்தில் மட்டும் வரும் கட்டுரை என்றால் விலங்குப் பெயர்களுக்கான அதிகாரபூர்வ இணையப் பதிவேடான ஸூபேங்கில் பதிவும் வேண்டும். மூலமாதிரியே அழிந்துபோனால்? 2018 செப்டம்பரில் ரியோ டி ஜனேரோவின் தேசிய அருங்காட்சியகம் எரிந்தபோது சிலந்தி வகைத் தொகுப்பும் போயிற்று. பெயர் அதனால் செல்லாமல் போகாது. அடையாளத்தில் குழப்பம் வந்தால், முடிந்தவரை அதே இடத்தில் கிடைத்த இன்னொன்றை மாற்று மூலமாதிரியாக நிறுத்த விலங்குப் பெயரிடல் விதி அனுமதிக்கிறது.