அளவைக் கூட்டினால் கொப்புளம் தீராது

கேள்வி: அலுவலகக் காலணி எனக்கு எட்டாம் எண். மலையேறுவதற்கு அதே எண்ணில் பூட்ஸ் போட்டுப் பார்த்தபோது விரல்களை நெருக்கியதால் ஒன்பதாம் எண்ணை வாங்கினேன். கொல்லிமலையில் ஆகாய கங்கை அருவிப் படிகளில் இறங்கி ஏறியதில் இரண்டு குதிகாலிலும் கொப்புளம் வந்துவிட்டது. பிப்ரவரியில் அகத்தியர்கூடம் போகிறேன். இன்னும் விலை கூடிய பூட்ஸ் வாங்க வேண்டுமா?

பதில்: விலையைப் பற்றிப் பிறகு பேசலாம். உங்கள் சிக்கல் பெரும்பாலும் அந்த ஒன்பதாம் எண்ணில்தான் இருக்கிறது. விரல்கள் நெருக்கப்பட்டதற்குக் காரணம் நீளம் போதாமை அன்று, முன்பாதத்தின் அகலம் போதாமையாக இருந்திருக்க வேண்டும். நம் கடைகளுக்கு வரும் பூட்ஸில் பல, முன்பாதம் குறுகிய அச்சில் செய்யப்பட்டவை. நம்மவர் பாதம் அதைவிட அகன்றது என்பதை, சென்னையிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் நாடெங்கும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பாதங்களை அளந்து கண்டறிந்துள்ளது. ஒரு எண் கூட்டும்போது நீளம் சுமார் எட்டரை மில்லிமீட்டர் கூடுகிறது. அகலமோ மிகச் சிறிதளவே கூடுகிறது. அதனால் விரல்களுக்குக் கொஞ்சம் இடம் கிடைத்தாலும், குதிகால் பிடிப்பு தளர்கிறது. பெருவிரல் மூட்டு மடங்கும் இடத்துக்கு முன்னால் போய் பூட்ஸ் மடங்குகிறது. ஒவ்வொரு அடியிலும் குதிகால் மேலெழுந்து இறங்குவது இதனால்தான்.

கொப்புளம் வெறும் உராய்வால் வருவதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில், வியர்வையில் ஈரமான தோல் சாக்ஸோடு ஒட்டிக்கொண்டு நிற்க, உள்ளேயுள்ள எலும்பு முன்னும் பின்னும் நகர்கிறது. இடையில் மாட்டிக்கொண்ட தோலடுக்குகள் ஆயிரக்கணக்கான முறை இழுபட்டு, மேல்தோலுக்குள் பிளவு விட்டு, அங்கே நீர் கோத்துக்கொள்கிறது. எனவே குதிகால் அசையாமல் இருக்க வேண்டும், பாதம் ஈரம் சேராமல் இருக்க வேண்டும். மற்றவை எல்லாம் இந்த இரண்டுக்கும் துணை செய்பவையே.

இப்போதுள்ள பூட்ஸை ஒருமுறை சோதித்துவிடுங்கள். உள்ளே பாதத்துக்கு அடியில் இருக்கும் அட்டையை (இன்சோல்) வெளியே எடுத்து, சாக்ஸ் அணிந்த காலோடு அதன்மேல் நிமிர்ந்து நில்லுங்கள். மிக நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இருந்தால் போதுமானது. அதற்கும் மேல் இருந்தால் அந்த பூட்ஸ் உங்களுக்கு நீளம். பாதத்தின் ஓரம் அட்டைக்கு வெளியே வழிந்தால் அகலம் குறைவு. நீளம் கூடியதைத் தடித்த அட்டை போட்டுச் சமாளிக்கலாம் என்பார்கள்; உள்ளே இடம் குறையுமே தவிர, மடங்கும் இடம் மாறாது. அப்படி ஒரு பூட்ஸோடு 1,868 மீட்டர் உயர மலைக்கு, அதுவும் மூன்று நாள் நடைக்கு, நான் உங்களை அனுப்ப மாட்டேன்.

புதிதாக வாங்குவதானால், பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில், மலையில் அணியப்போகும் அதே சாக்ஸோடு கடைக்குச் செல்லுங்கள். இரண்டு காலுக்கும் போட்டு, பெரிய பாதத்துக்கு ஏற்ப எண்ணைத் தேர்ந்தெடுங்கள். அகல வகை இருக்கிறதா என்று கேளுங்கள். லேஸைக் கட்டிக்கொண்டு கடையின் படிக்கட்டில் இறங்கிப் பாருங்கள். இறங்கும்போது விரல் நுனி முன்னால் முட்டக் கூடாது, ஏறும்போது குதிகால் எழக் கூடாது. "போடப் போடச் சரியாகிவிடும்" என்று கடைக்காரர் சொல்வது தோலின் விறைப்புக்குப் பொருந்தும், அளவுக்குப் பொருந்தாது.

உழைப்பைப் பொறுத்தவரை, சோல் பிரிந்தால் மாற்றித் தைக்க இடம் தரும் பூட்ஸ் நெடுநாள் வரும். பாலியூரித்தேன் என்னும் செயற்கை நுரையாலான நடுச்சோல் (அடிச்சோலுக்கு மேலுள்ள மெத்தை அடுக்கு) உள்ளவற்றில் மட்டும் ஓர் எச்சரிக்கை தேவை. நம் ஊர் ஈரப்பதம் அந்தப் பொருளைத் தானாகவே சிதைக்கிறது. நான் ஐந்தாறு ஆண்டுகள் பெட்டியில் பூட்டி வைத்திருந்த, அதிகம் அணியாத ஒரு ஜோடியை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தியபோது, சோல் ஊறிய பிஸ்கட்டைப் போல உதிர்ந்து கையோடு வந்தது. தள்ளுபடியில் கிடைக்கும் பழைய சரக்கை வாங்குவதற்கு முன் தயாரிப்புத் தேதியைப் பார்த்துவிடுங்கள்.

பருத்தி சாக்ஸ் வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் என்பதால் அதைத் தவிர்த்து, கம்பளி அல்லது நைலான் கலந்ததை அணியுங்கள். நண்பகலில் ஒரு ஜோடி மாற்றுங்கள். வழக்கமாகச் சிவக்கும் இடத்தில், புறப்படும் முன்பே, மருந்துக்கடையில் கிடைக்கும் காகித டேப்பைச் சுருக்கமின்றி ஒட்டுங்கள். பல நாள் நெடுந்தொலைவு ஓட்டக்காரர்களிடம் 2016இல் வெளியான ஓர் ஆய்வில், இந்த மலிவான டேப் கொப்புளத்தைச் சுமார் 40 விழுக்காடு குறைத்தது. வழியில் குதிகால் சூடாக உணர்ந்தால் அடுத்த ஓய்விடம் வரை பொறுக்காமல் அங்கேயே நின்று பூட்ஸைக் கழற்றுங்கள். கூட வருபவர்கள் இரண்டு நிமிடம் காத்திருப்பார்கள்.

அதையும் மீறி வந்த கொப்புளம் சிறியதென்றால் உடைக்காமல் மூடி வையுங்கள். பெரிதாகி நடக்க முடியாமல் போனால், கிருமி நீக்கிய ஊசியால் அதன் ஓரத்தில் குத்தி நீரை வடித்து, மேல்தோலை உரிக்காமல் ஒட்டாத துணியால் கட்டுங்கள். சர்க்கரை நோய் இருந்தால் இதை நீங்களே செய்யாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். புது பூட்ஸை இப்போதே வாங்கி, முதலில் வீட்டில் ஒரு மணி நேரம், பிறகு ஊருக்குள் ஐந்தாறு கிலோமீட்டர், கடைசியாக மலைக்குக் கொண்டுபோகும் பையின் எடையோடு ஏதாவது ஒரு குன்றில் ஏறி இறங்கி என்று பழக்கிவிட்டுப் புறப்படுங்கள்.