கேள்வி – பதில்: ஐந்து டாலரும் ஒரு படகும்

போன இதழில் கனடாவின் க்ரீ பழங்குடிகளைப் பற்றி ஒரு பதிலின் நடுவே நாலு வரி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வந்த கடிதங்களில் ஆறை எடுத்துக்கொண்டு, இந்த முறை முழுப் பக்கமும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: காலையில் எங்களோடு மைதானத்தில் நடக்க வரும் நண்பர் ஒருவர், “இஸ்ரேல்காரன் வெறும் மணலிலும் கல்லிலும் 75 வருஷத்தில் ஒரு நாட்டையே கட்டிவிட்டான், க்ரீ ஜனங்களுக்கு அரசாங்கமே பணம் கொடுத்தும் முன்னேறவில்லை, எல்லாம் உழைப்பில்தான் இருக்கிறது” என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை, ஆனால் என்ன பதில் சொல்வதென்றும் தெரியவில்லை.
— ஓய்வுபெற்ற ஆசிரியர், மஞ்சக்குப்பம்

உங்கள் மனசு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது, சார். இஸ்ரேல் ஒரு நாடு. ஒரு கோடி ஜனம், சொந்தமாக ராணுவம், நாணயம், வரி போடும் அதிகாரம் எல்லாம் இருக்கிறது. க்ரீ மக்கள் கனடாவில் கிழக்கே கியூபெக் மாகாணத்திலிருந்து மேற்கே ஆல்பர்ட்டா மாகாணம் வரை சிதறிக் கிடக்கும் மூன்றரை லட்சம் பேர், வேறொருவர் எழுதிய சட்டத்துக்குக் கீழே, பலர் அரசு ஒதுக்கிக் கொடுத்த சின்னச் சின்ன ஒதுக்கீட்டு நிலங்களில் வாழ்கிறவர்கள். இரண்டையும் ஒரே தராசில் வைப்பதே கஷ்டம். சரி, நண்பர் உழைப்பு என்று சொல்வதால் விவசாயத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

காட்டெருமை அழிந்து பட்டினி வந்த காலத்தில், 1876-இல், சமவெளி க்ரீ மக்கள் கனடா அரசோடு ஆறாம் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். நிலத்தைக் கொடுத்ததற்குப் பதிலாகக் கலப்பை, மாடு, விதை, ஒரு மருந்துப் பெட்டி, ஆளுக்கு ஆண்டுக்கு 5 டாலர். அவர்கள் உழவு கற்றுக்கொண்டார்கள், கோதுமை விளைவித்தார்கள், பலர் கூட்டாகப் பணம் போட்டு அறுவடை இயந்திரமும் வாங்கினார்கள். பக்கத்தில் குடியேறிய வெள்ளைக்கார விவசாயிகள் போட்டி தாங்காமல் புகார் சொன்னார்கள். 1889-இல் ஹேட்டர் ரீட் என்ற அதிகாரி ஒரு கொள்கை கொண்டுவந்தார்: இவர்கள் இயந்திரம் பயன்படுத்தக் கூடாது, கையரிவாளும் மண்வெட்டியும் போதும், சின்னத் துண்டு நிலத்தில் குடும்பத்துக்கு வேண்டியதை மட்டும் விளைவித்தால் போதும். விளைந்ததை விற்க அதிகாரியிடம் சீட்டு வாங்க வேண்டும், ஒதுக்கீட்டு நிலத்தை விட்டு வெளியே போகவும் தனிச் சீட்டு வேண்டும். உறைபனி இறங்குவதற்குள் கோதுமையைக் கையால் அறுத்து முடிக்க முடியாமல் கண்ணெதிரே விட்டவர்கள் உண்டு. நெல் முற்றி நிற்கும்போது வானம் இருட்டினால் நம் ஊர் விவசாயிக்கு வயிறு எப்படிக் கலங்கும் என்று உங்களுக்குத் தெரியும், அந்த நேரத்தில் ஒருவர் வந்து அறுவடை வண்டியை நிறுத்து என்று சொன்னால் எப்படி இருக்கும், நினைத்துப் பாருங்கள்.

இதை எதிர்த்து வழக்குப் போடலாமே என்பீர்கள். 1927-லிருந்து 1951 வரை, பழங்குடிகளின் நில உரிமை வழக்குக்காக அனுமதியில்லாமல் பணம் திரட்டுவதே குற்றம். ஒதுக்கீட்டு நிலத்தை வங்கியில் சாதாரணமாக அடமானம் வைக்கவும் முடியாது, அதனால் கடன் வாங்கித் தொழில் தொடங்கும் வழியும் இல்லை. அந்த 5 டாலர் மட்டும் இன்றும் ஆண்டுதோறும் வந்துகொண்டிருக்கிறது, 1876-இல் எவ்வளவோ அதே 5.

இந்தப் பக்கம் பாருங்கள். அதே காலகட்டத்தில், 1910-இல், கலிலேயக் கடலோரத்தில் தெகானியா என்ற முதல் கிப்புட்ஸ் கூட்டுப் பண்ணை உருவானபோது அதற்குப் பின்னால் நிலம் வாங்கித் தர யூத தேசிய நிதி இருந்தது. 1948-இல் நாடு ஆனது. அடுத்த மூன்றரை ஆண்டில் ஜனத்தொகை இரட்டிப்பாகி, வந்தவர்கள் கூடாரத்தில் தங்கி ரேஷனில் சாப்பிட்டார்கள், அந்தக் கஷ்டம் நிஜம், அவர்கள் உழைப்பும் நிஜம். 1965-இல் ஹட்செரிம் கிப்புட்ஸில் தொழிலாகத் தொடங்கிய சொட்டுநீர்க் குழாயை இன்று பண்ருட்டிப் பக்கத்துத் தோட்டங்களில் பார்க்கிறோம், அதை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் 1952-இல் ஜெர்மனி இழப்பீடாக ஒப்புக்கொண்ட 300 கோடி மார்க், அமெரிக்க உதவி, உலகெங்கும் உள்ள யூதர்கள் அனுப்பிய பணம், எல்லாம் அந்த உழைப்போடு சேர்ந்தது. போரில் வீடிழந்து வெளியேறிய சுமார் 7 லட்சம் பாலஸ்தீனர்களின் நிலமும் அதில் சேர்ந்தது, இதையும் உங்கள் நண்பரிடம் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: அப்படியானால் இஸ்ரேலில் எல்லோரும் வசதியாக இருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாமா?
— கல்லூரி மாணவி, லாஸ்பேட்டை

இல்லைம்மா. தலைக்கு 50,000 டாலருக்கு மேல் வருமானம் என்ற சராசரியைப் பார்த்து அப்படித் தோன்றும், ஆனால் அந்த நாட்டுக் கணக்குப்படியே சுமார் ஐந்தில் ஒருவர் வறுமைக் கோட்டுக்குக் கீழே. ஹரேதி எனப்படும் தீவிர வைதீக யூதர்களில் ஆண்களில் பாதிப் பேர்தான் வேலைக்குப் போகிறார்கள், மற்றவர்கள் வேதப் படிப்பிலேயே இருக்கிறார்கள், வீட்டில் ஆறேழு பிள்ளைகள். ஜனத்தொகையில் ஐந்தில் ஒரு பங்கான அரபுக் குடிமக்களின் வறுமை இன்னும் பழையது. 1966 வரை அவர்கள் ராணுவ ஆட்சியின் கீழ் இருந்தார்கள், தங்கள் ஊரை விட்டு வெளியே போகச் சீட்டு வாங்க வேண்டும். மேலே க்ரீ விவசாயிக்குச் சொன்னேனே, அதே சீட்டு. நெகேவ் பாலைவனத்து பெதூயின் மக்களில் பல்லாயிரம் பேர் அரசு அங்கீகரிக்காத கிராமங்களில், மின் இணைப்பும் சரியான குடிநீரும் இல்லாமல், வீடு எப்போது இடிக்கப்படுமோ என்று இருக்கிறார்கள். க்ரீ மக்களோடு இஸ்ரேலில் யாரையாவது ஒப்பிடச் சொன்னால் நான் முதலில் இவர்களைத்தான் சொல்வேன்.

கேள்வி: சுனாமிக்குப் பிறகு எங்களைக் கரையிலிருந்து தள்ளிக் குடியிருப்பு கட்டிக் கொடுத்தார்கள். வீடு கெட்டி. ஆனால் ராத்திரி கடல் சத்தம் கேட்காமல் எங்க அப்பா ரொம்ப நாள் தூங்கவில்லை. அணைக்காக க்ரீ ஜனங்களை இடம் மாற்றினார்கள் என்று எழுதியிருந்தீர்களே, அவர்களுக்கு என்ன கிடைத்தது?
— மீனவர், தேவனாம்பட்டினம்

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன், தம்பி.

1971-இல் கியூபெக் முதல்வர் ராபர்ட் பூராஸா, ஜேம்ஸ் விரிகுடாவில் விழும் ஆறுகளை மறித்து மாபெரும் நீர்மின் திட்டம் என்று அறிவித்தார். அங்கே வாழ்ந்த க்ரீ மக்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அவர்களுக்கு விஷயமே செய்தித்தாள் மூலம்தான் தெரிந்தது. மூன்று தமிழ்நாடு அளவுள்ள வேட்டைக்காடு அது. வழக்குப் போட்டார்கள். வேட்டைக்காரர்கள் மாண்ட்ரியல் நீதிமன்றத்துக்கு வந்து சாட்சி சொன்னார்கள். உண்மையைச் சொல்வேன் என்று சத்தியம் செய்யச் சொன்னபோது ஒருவர், உண்மை என்று என்னால் உறுதி சொல்ல முடியாது, எனக்குத் தெரிந்ததை மட்டும்தான் சொல்ல முடியும் என்றாராம். 1973 நவம்பரில் நீதிபதி மாலூஃப் வேலையை நிறுத்தச் சொல்லித் தீர்ப்புக் கொடுத்தார். ஒரே வாரத்தில் மேல்நீதிமன்றம் அதைத் தள்ளிவைத்துவிட்டது.

ஆனால் அந்த ஒரு வாரம் அரசைப் பேச்சுவார்த்தைக்கு இழுத்தது. 1975 நவம்பர் 11 ஒப்பந்தத்தில் க்ரீ மக்களுக்கும் இன்னும் வடக்கே வாழும் இனூயிட் பழங்குடிகளுக்கும் சேர்த்து 22.5 கோடி டாலர். க்ரீ மக்களுக்கென்றே சுமார் 5,500 சதுர கிலோமீட்டர் நிலம், நம் கடலூர் மாவட்டத்தைவிடப் பெரியது. அதற்கு வெளியே பரந்த பகுதியில் வேட்டை உரிமை. சொந்தப் பள்ளி வாரியம், சொந்தச் சுகாதார வாரியம். எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று: காட்டில் தங்கி வேட்டையாடி, மீன் பிடித்து வாழும் குடும்பத்துக்கு, அந்தத் தொழிலை விடாமல் செய்வதற்காகவே ஆண்டு வருமானம் தரும் திட்டம். நமக்கு மீன்பிடித் தடைக்காலத்தில், கடலுக்குப் போகாத நாளுக்குத்தான் உதவித்தொகை. அங்கே காட்டுக்குப் போகும் நாளுக்குக் கொடுக்கிறார்கள்.

இழப்பும் பெரியது. நீர்த்தேக்கத்தில் மூழ்கிய காடு அழுகி, மீனில் பாதரசம் ஏறியது. பரம்பரையாக மீன் சாப்பிட்டவர்களிடம் மருத்துவர்கள் மீனைக் குறையுங்கள் என்றார்கள். லா கிராண்ட் ஆற்றின் போக்கு மாறியதால் ஃபோர்ட் ஜார்ஜ் தீவின் கரை அரித்துவிடும் என்று அங்கிருந்தவர்களை 1980 வாக்கில் மறுகரையில் சிசாசிபி என்ற புது ஊருக்கு மாற்றினார்கள். வீடு கெட்டிதான், உங்களைப் போலவே. இன்றும் ஒவ்வொரு கோடையிலும் அந்தப் பழைய தீவுக்குப் போய்க் கூடாரம் போட்டுக் கூடுகிறார்கள்.

அடுத்த அணைத் திட்டம் வந்தபோது அவர்கள் செய்தது உங்களுக்குப் பிடிக்கும். பாதி க்ரீ தோணியும் பாதி இனூயிட் கயாக்கும் சேர்ந்த மாதிரி ஒரு படகு கட்டி, 1990-இல் அதை நியூயார்க் வரை கொண்டுபோனார்கள். அந்த மின்சாரத்தை வாங்க இருந்தது நியூயார்க் மாநிலம். 1992-இல் அது ஒப்பந்தத்தைக் கைவிட்டது, 1994-இல் திட்டமே கிடப்பில் போடப்பட்டது. இன்று அவர்களுக்கு ஏர் க்ரீபெக் என்று சொந்த விமான நிறுவனம் உண்டு.

அதே விரிகுடாவின் மறுகரையில், ஒன்டாரியோ மாகாணத்தில், அட்டாவாபிஸ்கட் என்ற ஊரில் இருப்பவர்களும் க்ரீ மக்கள்தான். அவர்கள் முன்னோர்கள் கையெழுத்திட்டது 1905-இல் தொடங்கிய ஒன்பதாம் ஒப்பந்தம், ஆண்டுக்கு 4 டாலர். 2011-இல் வெப்பமில்லாத கொட்டகைகளிலும் கூடாரங்களிலும் குடும்பங்கள் குளிர்காலத்தை எதிர்கொள்ளும் நிலை வந்து, ஊர்த் தலைமை அவசரநிலை அறிவித்தது. 90 கிலோமீட்டர் தள்ளி 2008 முதல் 2019 வரை ஒரு வைரச் சுரங்கம் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு கரையிலும் ஒரே ஜனம், ஒரே குளிர். மஞ்சக்குப்பம் சார் தன் நண்பருக்குக் காட்ட வேண்டியது இந்த இரண்டு கரைகளையும்தான்.

கேள்வி: என் மகள் மாண்ட்ரியலில் நர்ஸாக இருக்கிறாள். இப்போது சிசாசிபிக்கு வேலைக்குப் போகிறேன் என்கிறாள். அவள் தாத்தா சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், அதனால் வீட்டிலேயே பிரெஞ்சு உண்டு. ஆனால் அந்த ஜனங்கள் எப்படி, பயப்படாமல் அனுப்பலாமா?
— குடும்பத் தலைவி, முத்தியால்பேட்டை

தாராளமாக அனுப்புங்கள், அம்மா. பிரெஞ்சைவிட அங்கே ஆங்கிலம்தான் அதிகம் உதவும், வீட்டு மொழி க்ரீ. காய்கறி, பால் விலை தெற்கைவிட ரொம்ப அதிகம். வசந்த காலத்தில் காட்டு வாத்து வரும்போது பள்ளிக்கூடமே இரண்டு வாரம் மூடி, ஊர் முழுக்கக் காட்டில் இருக்கும்.

ஒன்று மட்டும் அவளிடம் சொல்லுங்கள். வயதான நோயாளி பதில் பேசாமல் இருந்தால் கோபித்துக்கொள்ள வேண்டாம். கனடா முழுக்கச் சுமார் 1,50,000 பழங்குடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து உண்டு உறைவிடப் பள்ளிகளில் வைத்தார்கள், முடியை வெட்டினார்கள், தாய்மொழி பேசினால் அடித்தார்கள். கனடா பிரதமர் மன்னிப்புக் கேட்டது 2008-இல்தான், போப் ஆல்பர்ட்டாவின் மாஸ்க்வாசிஸ் க்ரீ மண்ணில் நின்று மன்னிப்புக் கேட்டது 2022-இல். சீருடை போட்டு அன்பாகப் பேசும் வெளியாளை நம்ப அந்தக் கிழவிக்குக் கொஞ்ச நாள் ஆகும்.

நேரம் வாய்த்தால் ஒரு சடங்கைப் பார்க்கச் சொல்லுங்கள். நடக்கப் பழகிய குழந்தை, விடியற்காலையில் கூடாரத்து வாசலைத் தாண்டி முதன்முதலாகத் தன் காலால் வெளி மண்ணை மிதிக்கும். பையன் கையில் பொம்மைத் துப்பாக்கி, பெண் குழந்தை விறகு சுமந்து வருவாள். ஒரு சுற்றுச் சுற்றி உள்ளே வந்ததும் பாட்டி தாத்தாக்கள் வாங்கிக் கொஞ்சுவார்கள். அதுவரை குழந்தையை வெளியே தரையில் நடக்க விடுவதில்லையாம்.

கேள்வி: ஹீப்ரு செத்துப் பிழைத்த மாதிரி க்ரீ மொழியும் பிழைக்குமா?
— தமிழாசிரியை, நெல்லிக்குப்பம்

க்ரீ சாகவே இல்லை, 80,000 பேருக்கு மேல் பேசுகிறார்கள். அதன் எழுத்தில் ஒரே குறியைத் திருப்பித் திருப்பி வைத்தால் உயிரொலி மாறும், நம் உயிர்மெய் வரிசை பழகிய பிள்ளைக்குச் சட்டென்று பிடிபடும். ஹீப்ருவுக்கு பென் யெஹூதா போன்ற பிடிவாதக்காரர்களும் வாய்த்தார்கள், பின்னால் பள்ளிக்கூடம், ராணுவம், அலுவலகம் என்று ஒரு அரசும் வாய்த்தது. ஜேம்ஸ் விரிகுடா ஊர்களில் 1990-களிலிருந்து சின்ன வகுப்புகளில் க்ரீ பயிற்றுமொழியாக வந்தது, பள்ளி வாரியம் தங்கள் கையில் இருந்ததால் முடிந்தது.

கேள்வி: எங்கள் நிலத்தைச் சுரங்கத்துக்கு எடுக்கப் போகிறார்கள். க்ரீ மக்கள் போல நாங்கள் என்ன கேட்கலாம்?
— விவசாயி, சேத்தியாத்தோப்பு அருகே

ஐயா, மொத்தமாகக் கிடைத்த பணம் கரைவதை உங்கள் பக்கத்துக் கிராமங்களிலேயே பார்த்திருப்பீர்கள். க்ரீ மக்கள் 2002-இல் கியூபெக் அரசோடு போட்ட ஒப்பந்தத்தில் 50 ஆண்டுக்கு ஆண்டுதோறும் பணம், மொத்தம் 350 கோடி டாலர். குறைந்தது 7 கோடி என்ற அந்த ஆண்டுத் தொகை, அவர்கள் மண்ணில் நடக்கும் மின்சாரம், சுரங்கம், மரத் தொழில் எவ்வளவு வளர்கிறதோ அதற்கேற்ப ஏறும். பேரன் காலம் வரை பங்கு வரும்.

நம் 2013 நில எடுப்புச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையிலும் ஆண்டுத்தொகை என்ற வழி இருக்கிறது: வேலை, அல்லது ஒரே தடவையாக 5 லட்சம், அல்லது 20 ஆண்டுக்கு மாதம் குறைந்தது 2,000 ரூபாய், விலைவாசிக்கேற்ப உயர்த்தி. தொகை சிறியதுதான். ஆனாலும் உங்களுக்கு எந்தச் சட்டப்படி நிலம் எடுக்கிறார்கள், இந்த அட்டவணை பொருந்துமா என்று கையெழுத்துப் போடும் முன் ஊரோடு சேர்ந்து எழுத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள், ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். பதில் வந்ததும் எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள், இந்தப் பக்கத்திலேயே வெளியிடுகிறேன்.