கேமரா படம் நாலு நிமிடத்தில் நிற்பது ஏன்?

வணக்கம் நண்பரே. கேமராவின் மல்டிகாஸ்ட் படம் (ஒரு குழுவில் சேர்ந்த கணினிகளுக்கு மட்டும் ஒரே நேரத்தில் போகும் படம்) நாலு நிமிடம் சொச்சம் ஓடி நின்றுவிடுகிறது, ஸ்விட்சில் ஸ்னூப்பிங்கை (எந்த போர்ட்டுக்குப் படம் வேண்டும் என்று ஸ்விட்ச் கவனித்து, அங்கே மட்டும் அனுப்பும் வசதி) அணைத்தால் நிற்காமல் ஓடுகிறது, அந்த விலானில் (ஸ்விட்சில் தனியாகப் பிரித்த வலைப்பகுதியில்) ரவுட்டர் கிடையாது என்கிறீர்கள். அந்த நாலு நிமிடக் கணக்கே காரணத்தைக் காட்டிவிடுகிறது.

பார்க்கும் கணினி குழுவில் சேரும்போது ஒரு ஐஜிஎம்பி ரிப்போர்ட், அதாவது “இந்தக் குழுவின் படம் எனக்கு வேண்டும்” என்ற செய்தி, அனுப்பும். ஸ்விட்ச் அதைக் கவனித்து அந்த போர்ட்டைக் குறித்துக்கொள்ளும். அப்புறம் 125 வினாடிக்கு ஒருமுறை “இன்னும் யார் இருக்கிறீர்கள்?” என்று எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான 224.0.0.1 முகவரிக்கு யாராவது கேட்க வேண்டும். வழக்கமாக ரவுட்டர் கேட்கும். உங்களிடம் கேட்க ஆளே இல்லை. கணினியும் தானாக மறுபடி சொல்லாது. இரண்டு 125, பதிலுக்கு 10, ஆக 260 வினாடி ஆனதும் ஸ்விட்ச் அந்த போர்ட்டை நீக்கிவிடுகிறது.

ஸ்னூப்பிங்கை அணைத்தே வைத்துவிடாதீர்கள். எல்லா கேமராவின் படமும் எல்லா போர்ட்டிலும் கொட்டும், வைஃபை திணறிப்போகும்.

அந்த விலானில் ஒரு ஸ்விட்சில் மட்டும் ஐஜிஎம்பி குவெரியரை (அந்தக் கேள்வியை ரவுட்டருக்குப் பதிலாகக் கேட்கும் வசதி) இயக்கி, அதற்கு அந்த விலானிலேயே ஒரு ஐபி முகவரி கொடுங்கள். 0.0.0.0 என்று விட்டால் சில கருவிகள் அந்தக் கேள்வியை மதிப்பதில்லை. பிறகு வலையில் போகும் செய்திகளைக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளில் பாருங்கள், கேள்வி வந்ததும் 10 வினாடிக்குள் கணினியின் ரிப்போர்ட் போக வேண்டும். போகவில்லை என்றால் அந்தக் கணினியின் ஃபயர்வாலைப் பாருங்கள்.